சுவரோடு பேசிய வீடு

பழங்காநத்தம், மதுரை
6.5.1997

அன்புள்ள மச்சானுக்கு,

செல்லக்கிளி எழுதுவது. இங்கே நானும் தேன்மொழியும் அத்தையும் சுகமாக இருக்கிறோம். அங்கே பனி விட்டதா, உங்கள் இடுப்பு வலி தேவலையா என்று எழுதுங்கள். முறைக்குக் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன். இனி எழுதுவது முழுக்கக் கோபம். பாரா ட்யூட்டி முடித்துவிட்டு வந்து சாவகாசமாகப் படியுங்கள்.

எனக்கு மேல்படிப்புக்கு இடம் கிடைத்ததை நான்கு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். நீங்கள் நான்கு வரியில் முடித்துவிட்டீர்கள். நர்சுக்கு எதற்கு எம்.எஸ்ஸி. என்று கேட்டிருக்கிறீர்கள். டாக்டராக ஆசை என்றால் டாக்டருக்கே படித்திருக்க வேண்டும் என்கிறீர்கள். கல்யாணமான பெண், பெற்ற பிள்ளையை விட்டுவிட்டுச் சென்னையில் ஹாஸ்டலில் போய்க் கிடந்தால் ஊர் சிரிக்குமாம். ஊர் என்று நீங்கள் சொல்வது காளவாசலில் செங்கல் மணல் விற்கிற உங்கள் அண்ணன் காசிமாயனைத்தான் என்பது எனக்குத் தெரியும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. இதற்காகவாவது சிரித்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

நீங்கள் பட்டாளத்தில் நாயக்கிலிருந்து ஹவில்தார் ஆவதற்குப் பெல்காமுக்குக் கோர்ஸ் போனீர்கள். அப்போது தேன்மொழி கைக்குழந்தை. துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவருக்கு இன்னொரு கோர்ஸ் எதற்கு என்று நான் கேட்கவில்லை. வருடத்தில் பத்து மாதம் நீங்கள் இரும்புக் கட்டிலில் படுத்து எழுந்தால் அது நாட்டுக்குச் செய்கிற சேவை. நான் இரண்டு வருடம் ஹாஸ்டல் கட்டிலில் படுத்தால் குடும்ப மானம் கப்பலேறிவிடும். இது எந்த ஊர் நியாயம் என்று உங்கள் பட்டாளத்தில் யாரையாவது கேட்டுச் சொல்லுங்கள்.

இன்னொரு தடவை சொல்கிறேன், கோபத்தை ஒதுக்கிவைத்துக் கேளுங்கள். பதினோரு வருடமாகப் பிரசவ வார்டில் நிற்கிறேன். ஒரு பெண் உள்ளே வந்து படுத்ததும், இவளுக்குச் சுகப்பிரசவம், இவளுக்கு ஏதோ சரியில்லை என்று எனக்கு மனதில் படும். பட்டு என்ன செய்ய? பார்க்கலாம், எழுதலாம், டாக்டரிடம் சொல்லலாம், அவர் சொல்கிறவரை காத்திருக்கலாம். டாக்டரைவிட நான் கெட்டிக்காரி என்று சொல்லவரவில்லை. நான் நினைத்தது தப்பாகப் போன நாளும் உண்டு. ஏன் தப்பு என்று தெரியாமலே அடுத்த ட்யூட்டிக்குப் போயிருக்கிறேன். தெரிந்துகொண்டு, என் பொறுப்பில் முடிவெடுக்க வேண்டும் என்பதற்குத்தான் இந்தப் படிப்பு.

ஒத்தக்கடையில் எங்கள் ஆஸ்பத்திரி ஒரு பிரசவ நிலையம் கட்டிக்கொண்டிருக்கிறது. மேலூர் ரோட்டுக் கிராமத்துப் பெண்கள் வலி கண்ட பிறகு டவுன் பஸ் ஏறித் திண்டாடக் கூடாது என்பதற்காக. அங்கே டாக்டர் வாரத்துக்கு ஓரிரு நாள்தான் வருவார். மற்ற நாட்களில் பரிசோதிப்பது, மருந்தைத் தொடங்குவது, யாரை டவுனுக்கு அனுப்புவது என்று தீர்மானிப்பது எல்லாம் மேல்படிப்புப் படித்த ஒரு நர்ஸின் வேலை. அந்த அதிகாரத்தை எழுத்திலேயே கொடுக்கிறார்கள். எங்கள் மேட்ரன் பத்மாசினி அம்மா அந்த இடத்துக்கு என் பெயரைச் சொல்லி, ஆஸ்பத்திரி லீவும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஆகஸ்டில் கல்லூரி திறக்கிறது. இந்த வருடம் நான் போகாவிட்டால் அந்த இடம் வேறு ஒருத்திக்குப் போய்விடும்.

உங்கள் தங்கை சோலையம்மாளுக்கு இந்த மாதக் கடைசியில் வளைகாப்பு. முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு வந்துவிடுவாள். பிரசவ நேரத்தில் நான் சென்னையில் இருந்தால் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை பார்க்கிற எல்லோரும் பிரசவம் பார்க்கிறவர்கள்தான். சோலையை அவர்கள் கையில் ஒப்படைத்துவிட்டுத்தான் வண்டி ஏறுவேன். அதுவரை செக்கப்புக்கு நானே கூட்டிப்போவேன். தேன்மொழி என் அம்மா வீட்டில் இருந்து பள்ளிக்கூடம் போகட்டும். எல்லாம் யோசித்துத்தான் வைத்திருக்கிறேன்.

சம்மதம் என்று ஒரு வரி எழுதுங்கள். எழுதாவிட்டாலும் போகத்தான் போகிறேன், ஆனால் எழுதினால் அழாமல் போவேன். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத
செல்லக்கிளி


பழங்காநத்தம், மதுரை
29.6.1997

மச்சானுக்கு,

போன கடிதத்தில் "அன்புள்ள" என்று போட்டிருந்தேன். இந்தத் தடவை எழுதக் கை வரவில்லை.

நான் கேட்டது ஒரு வரி. நீங்கள் எனக்கு ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை. உங்கள் அண்ணன் கடைக்கு எஸ்.டி.டி. போட்டு, உறவுக்காரர்களைக் கூட்டிவைத்து இவளைப் பேசி நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்கிறீர்கள். கட்டின பெண்டாட்டியோடு பேச உங்களுக்கு நடுவில் எட்டுப் பேர் வேண்டியிருக்கிறது.

நீங்கள் போன் போட்ட வாரம் ஞாயிற்றுக்கிழமை ட்யூட்டி முடிந்து வந்தேன். வாசலில் செருப்பாகக் கிடந்தது. உங்கள் அண்ணனும் ஊர்ப் பெரியவர்களும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். செக்கானூரணியிலிருந்து என் மாமா முத்திருளனையும் வரவழைத்திருந்தார்கள். பெண்ணுக்காகப் பேசத் தாய்மாமன் இருக்கும்போது பெண் எதற்கு என்பதுதானே நம் வழக்கம். நானும் நம்பினேன். என்னை மடியில் உட்காரவைத்துக் காது குத்தின மாமா, எனக்காக நாலு வார்த்தை பேசுவார் என்று யூனிபாரத்தைக்கூட மாற்றாமல் அடுப்படியில் நின்றேன்.

என்ன படிப்பு, எத்தனை வருடம், எதற்குப் படிக்கிறேன் என்று மாமாவுக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அடுப்படிக்கு வந்து என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், நாலு எட்டு வைக்கிற தூரம்தான். உங்கள் அண்ணன் பேசி முடித்ததும் மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்க புள்ள எங்கயும் போகாது. நான் சொல்றேன்ல, போகாது" என்று வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார். கறிக்குழம்பு அருமை என்றும் சொன்னார். அந்தக் குழம்புக்குக் காலையிலேயே மசாலா அரைத்து வைத்தது நான்.

அடுப்படியை விட்டு வெளியே வந்து கூடத்தின் நடுவில் நின்று, "மாமா, நீங்க குடுத்த வாக்கு உங்களோடது. நான் யாருக்கும் குடுக்கல. ஆகஸ்டுல நான் போறேன்" என்று சொன்னேன். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. வார்டில் நோயாளியின் ஆட்களிடம் பேசுகிற குரலில்தான் சொன்னேன். சபையில் தாய்மாமன் வாக்கைப் பெண் தட்டிப் பேசியதை அந்தப் பெரியவர்கள் கேள்விப்பட்டதே இல்லை போலிருக்கிறது. மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இனி இவ நல்லது கெட்டதுக்கு எங்க வீட்டு ஆளு யாரும் வர மாட்டோம்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் யாரும் என்னோடு பேசுவதில்லை. மாமன் காலில் விழுந்து வாக்கைக் காப்பாற்றுகிறவரை பேசக் கூடாது என்று உங்கள் அண்ணன் உத்தரவு. பேசாமல் ஒரே வீட்டில் எப்படி இருப்பது? அதனால் சுவரிடம் பேசுகிறார்கள். அத்தை அடுப்படிச் சுவரைப் பார்த்து, "சோறு இருக்கு, வேணுங்கிறவுக போட்டுத் திங்கலாம்" என்கிறார். நானும் எதிர்ச் சுவரைப் பார்த்து, "தண்ணி லாரி வந்திருச்சு, குடம் எடுக்கிறவுக எடுக்கலாம்" என்கிறேன். முதல் வாரம் எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. இப்போது வரவில்லை.

வளைகாப்பு முடிந்து சோலை வந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. மதினி, மதினி என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிந்தவள். அவளும் பேசுவதில்லை. நான் எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். சரி, அண்ணன் சொல்லைக் கேட்கிற தங்கை, இருக்கட்டும். ஆனால் அவள் கால் வீக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. விரல் மோதிரத்தைக் கழற்ற சோப்புப் போட்டு இழுத்துக்கொண்டிருந்தாள். நான் சுவரிடம், "மாசமா இருக்கவுகளுக்கு பி.பி. பாக்கணும், காலையில என்கூட ஆஸ்பத்திரிக்கு வாரவுக வரலாம்" என்றேன். அத்தை சுவரிடம், "மாமன் வாக்க மதிக்காதவுக கையி எம்புள்ள மேல பட வேணாம்" என்றார். இன்னொரு நாள் பி.பி. பார்க்கிற கருவியை நானே எடுத்துக்கொண்டு சோலையின் பக்கத்தில் போனேன். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இதைவிடக் கூத்து ஒன்று கேளுங்கள். வீடு வீடாகக் கர்ப்பிணிகளைப் பார்க்க வருகிற சுகாதார நிலையத்து நர்ஸ் நம் வீட்டுக்கும் வந்திருக்கிறார். நான் ட்யூட்டியில் இருந்தேன். அத்தை வாசலிலேயே நிறுத்தி, "எங்க வீட்டுலயே நர்சு இருக்கு, நீ அடுத்த வீட்டப் பாரு தாயி" என்று பெருமையாக அனுப்பிவிட்டார். அந்தப் பெண்ணுக்கு என்னைத் தெரியும். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்துப் போய்விட்டார். எந்த ஆஸ்பத்திரியில் காட்டுகிறீர்கள் என்று அக்கம்பக்கத்தில் கேட்டாலும் இதே பதில்தான். என்னோடு பேச மாட்டார்கள், என் கை படக் கூடாது, ஆனால் நான் இருக்கிறேன் என்று வேறு யாரிடமும் காட்டவும் மாட்டார்கள்.

சோலையின் புருஷனுக்கும் ஆள்விட்டுச் சொன்னேன். அவர் உங்கள் அண்ணனிடம் யோசனை கேட்டிருக்கிறார். என்ன யோசனை கிடைத்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். இந்த வீட்டில் என் பேச்சு சுவரைத் தாண்டிப் போகாது. உங்கள் பேச்சு போகும். சோலையை உடனே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று அத்தைக்கு ஒரு கார்டு போடுங்கள். என் ஆஸ்பத்திரி வேண்டாம், பெரியாஸ்பத்திரியோ வேறு எதுவோ, எங்கேயாவது காட்டட்டும். முடிந்தால் இந்தக் கடிதம் கிடைத்த அன்றே போன் போடுங்கள். இது என் படிப்புக்காக எழுதுவது இல்லை. என் மேல் உள்ள கோபத்தை எனக்காகப் பத்திரமாக வைத்திருங்கள், நான் வாங்கிக்கொள்கிறேன். சோலை மேல் காட்ட வேண்டாம்.

தேன்மொழி உங்களைக் கேட்டாள்.

செல்லக்கிளி


நர்ஸ் மாணவியர் விடுதி, சென்னை
21.9.1997

மச்சானுக்கு,

உங்கள் கடிதம் மதுரைக்குப் போய், மேட்ரன் அம்மா மூலம் இங்கே வந்து சேர்ந்தது. "வீட்டில் நர்சை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். படிப்பை விட்டுவிட்டு உடனே வீடு திரும்பி மாமன் காலில் விழ வேண்டும், இல்லாவிட்டால் தேன்மொழியை மறந்துவிட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்து உங்களுடையது, வாய் உங்கள் அண்ணனுடையது. அவர் சொன்னது உங்களுக்குத் தெரியும், நடந்தது தெரியாது. தெரிந்துகொண்டு கோபப்படுங்கள்.

ஜூலைக் கடைசி. காலை ட்யூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சோலை குழாயடியில் முகம் கழுவ உட்கார்ந்திருந்தாள். முகம் ஊதிக் கண் இரண்டும் கோடாகியிருந்தது. வெயில் அவள் முகத்தில் நேராக அடிக்கிறது. அவள் அத்தையிடம், "என்னம்மா இன்னும் மங்கலாவே கெடக்கு, விடியலையா" என்று கேட்டாள். கர்ப்பிணிக்குக் கண் மங்கினால் வலிப்பு வரப்போகிறது என்று அர்த்தம். பேசாத விரதம், வாக்கு, வெற்றிலை எல்லாம் எங்கே போயிற்றோ தெரியாது. ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து, "தலை வலிக்குதா சோலை, நெஞ்சுக்குக் கீழ வலிக்குதா" என்று கேட்டேன். அந்த நிலைமையிலும் அவள் எனக்குப் பதில் சொல்லலாமா என்று அத்தை முகத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் தலையை ஆட்டினாள்.

பி.பி. நூற்றெழுபதுக்கு மேல் ஏறியிருந்தது. அது எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாவிட்டால் உங்கள் பட்டாளத்து டாக்டரைக் கேளுங்கள். உடனே ஆஸ்பத்திரி என்றேன். அத்தை அப்போதுதான் பல நாளைக்குப் பிறகு என்னிடம் நேரில் பேசினார். "காலேசுக்கு ஓடுறதுக்கு இதுவும் ஒரு நாடகமா" என்பதுதான் அவர் பேசியது. உங்கள் அண்ணன் வரட்டும், கேட்டுவிட்டுப் போகலாம் என்று கையைப் பிடித்தார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். மாமியாரைக் கை நீட்டினாள் என்று உங்களுக்கு எழுதியிருப்பார்களே, அது இதுதான். ஆட்டோவைப் பிடித்துச் சோலையை ஏற்றிக்கொண்டு போனேன். பஸ் ஸ்டாண்டு தாண்டும்போது என் மடியிலேயே அவளுக்கு வலிப்பு வந்தது.

ஆஸ்பத்திரியில் என்னால் முடிந்ததெல்லாம் செய்தேன். ஒருக்களித்துப் படுக்கவைத்தேன், நாக்கைக் கடித்துவிடாமல் பார்த்துக்கொண்டேன், ஆக்ஸிஜன் வைத்தேன், கையில் ஊசி போட்டு நரம்பைத் தயாராக வைத்தேன். வலிப்பை அடக்குகிற மருந்து அலமாரியில் இருந்தது. சிரிஞ்சில் எடுத்தும்விட்டேன். ஆனால் டாக்டர் சொல்லாமல் நர்ஸ் அதை ஏற்றக் கூடாது. டாக்டரோ தியேட்டரில் இன்னொரு பெண்ணின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார். உள்ளே சொல்லியனுப்பி, அவர் காதில் விழுந்து, பதில் வெளியே வருவதற்குள் சோலைக்கு இரண்டாவது வலிப்பு வந்துவிட்டது. நான் கையில் மருந்தோடு நின்றேன். பதினோரு வருட சர்வீஸும் அந்த நேரத்தில் எனக்கு எதற்கும் உதவவில்லை.

டாக்டர் மேல் தப்பில்லை, அந்தப் பெண்ணை அப்படியே போட்டுவிட்டு அவர் வர முடியாது. சட்டமும் தப்பில்லை. அந்த மருந்து அளவு மிஞ்சினால் மூச்சையே நிறுத்திவிடும், யார் வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று விட முடியாது. ஏற்றுவதற்குத் தகுதி என்று ஒன்று இருக்கிறது. நர்சுக்கு எதற்கு எம்.எஸ்ஸி. என்று கேட்டீர்களே, இதற்குத்தான்.

மருந்து ஏறியதும் சோலைக்கு வலிப்பு நின்றது. வயிற்றில் காது வைத்துக் கேட்டேன். குழந்தையின் துடிப்பு இல்லை. மறுநாள் பிறந்தது. ஆண் பிள்ளை, உங்கள் வீட்டு மூக்கு. நான்தான் கையில் வாங்கினேன், நான்தான் குளிப்பாட்டித் துணியில் சுற்றி உங்கள் அண்ணனிடம் கொடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். அந்த மருந்து கொஞ்சம் முன்னால் ஏறியிருந்தால் பிள்ளை பிழைத்திருக்குமா என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஜூன் மாதமே பி.பி. பார்த்து மருந்து கொடுத்திருந்தால் இந்த நிலைமைக்கு வந்திருக்க மாட்டாள் என்பதை மட்டும் நான் சொல்வேன்.

ஜூன் மாதம் நான் உங்களுக்கு எழுதினேன். கடிதம் உங்களுக்குக் கிடைத்தது. அத்தைக்குக் கார்டு வரவில்லை, போனும் வரவில்லை. உங்கள் அண்ணனுக்குத்தான் எழுதினீர்கள். சோலையைச் சாக்காக வைத்து இவள் நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறாள், அசைந்து கொடுக்காதீர்கள் என்று எழுதினீர்கள். அதை அவர் வாயாலேயே கேட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு மறுபடி ஒரு கூட்டம் போட்டார்கள். யார் மேல் குற்றம் என்று தீர்ப்புச் சொல்லவாம். தம்பி அன்றைக்கே சரியாக எழுதியிருந்தான் என்று பெரியவர்களிடம் பெருமையாகச் சொன்னார். செத்த பிள்ளைக்கு நீங்கள் மாமன். அந்தப் பிள்ளைக்காகப் பேச வேண்டிய இடத்தில் இருந்தவர் நீங்கள். நீங்கள் என்ன பேசினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

கூட்டத்தில் உங்கள் அண்ணன் வழக்கம்போலச் சுவரைப் பார்த்துக்கொண்டு, "வீட்டுல நர்சுன்னு ஒருத்தி இருந்து என்ன புண்ணியம்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளறையிலிருந்து சோலை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். பால் கட்டி மாரெல்லாம் நனைந்திருந்தது. கூட்டத்தைப் பார்க்கவில்லை, என்னை நேராகப் பார்த்தாள். "மதினி, இந்த வீட்டுல இருந்தும் நீ எனக்கு உதவல. போயிப் படிச்சாவது எவளுக்காச்சும் உதவு. போ" என்றாள். பாசத்தில் சொல்லவில்லை. அறைகிற மாதிரி சொன்னாள். பிறகு உங்கள் அண்ணனிடம், "அண்ணே, இனிமே எனக்காகப் பேச யாரையும் கூட்டாதீக. எனக்கு வாயி இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். பெரியவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். தீர்ப்பு ஒன்றும் சொல்லவில்லை.

அவள் சொன்னது எனக்கு இன்னும் வலிக்கிறது. ஆனால் அத்தையின் அந்த ஏச்சைத் தவிர, அந்த வீட்டில் அத்தனை நாளில் என்னிடம் நேராகச் சொல்லப்பட்ட பேச்சு அதுதான். அதை எடுத்துக்கொண்டுதான் ரயில் ஏறினேன்.

தேன்மொழியை என் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வருவதாக இருந்தேன். அத்தை அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார். பிள்ளையை நடுவில் வைத்து ஆளுக்கொரு பக்கம் இழுக்க எனக்கு மனமில்லை. அவள் என்னைப் பார்த்து அழாமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள், உங்களைப் போலவே. இங்கிருந்து போன் போட்டால் பக்கத்து வீட்டில் எடுக்கிறார்கள், கூப்பிடப் போகிறார்கள், பிள்ளை வரவில்லை என்கிறார்கள். என் மேல் என்ன கோபம் இருந்தாலும் சரி, இது அநியாயம் மச்சான்.

இங்கே படிப்பு லேசாக இல்லை. என்னோடு படிக்கிறவர்கள் எல்லாம் சின்னப் பெண்கள், இங்கிலீஷ் தண்ணீர்பட்ட பாடு. முதல் வாரம் வகுப்பில் ஆசிரியை ஒரு நோயாளியின் நிலைமையைச் சொல்லி, நீ என்ன செய்வாய் என்று என்னைக் கேட்டார். டாக்டருக்குச் சொல்லி அனுப்புவேன் மேடம் என்றேன். வகுப்பே சிரித்தது. டாக்டர் வர நேரமாகும், அதுவரை நீ என்ன முடிவெடுப்பாய், ஏன் எடுப்பாய் என்று மறுபடி கேட்டார். என்னிடம் அந்தக் கேள்வியை அதுவரை யாருமே கேட்டதில்லை. சோலையை நினைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பதில் சொன்னேன். இரண்டு இடத்தில் தப்பு. எங்கே தப்பு என்று திருத்திச் சொல்லிக்கொடுத்தார். ஒத்தக்கடையில் அந்தத் தப்பைச் செய்ய மாட்டேன்.

நான் திரும்பி வரப்போவதில்லை. படிப்பு முடிகிறவரை வர மாட்டேன். யார் காலிலும் விழவும் மாட்டேன். ஆனால் தேன்மொழியை மறக்கவும் மாட்டேன். நீங்கள் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் என்னுடையதுதான்.

தீபாவளி லீவுக்கு வருவீர்கள். உங்கள் ரயில் சென்ட்ரலுக்குக் காலையில் வந்துவிடும், எழும்பூரில் மதுரை வண்டி சாயங்காலத்துக்கு மேல்தான். அந்தப் பகலை வருடா வருடம் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்தே கழிக்கிறீர்கள். இந்த வருடம் பெட்டியை ஸ்டேஷனில் போட்டுவிட்டு இங்கே வாருங்கள். விடுதிக்கு எந்தப் பஸ்ஸில் வர வேண்டும் என்று பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். காவல்காரரிடம் ஹவில்தார் ஜெயபாண்டி, செல்லக்கிளியின் புருஷன் என்று சொல்லுங்கள், கூப்பிடுவார். அண்ணனைக் கேட்டுவிட்டு வருவதானால் வர வேண்டாம். திட்டுவதற்கு வருவதானாலும் வாருங்கள். நானும் திட்டுவேன், கேட்பதற்கு நடுவில் யாரும் இருக்க மாட்டார்கள். அதன் பிறகு மதுரைக்குப் போய், முதல் வேலையாகத் தேன்மொழியை என் அம்மா வீட்டில் கொண்டுபோய் விடுங்கள்.

அங்கே எல்லையில் மறுபடி துப்பாக்கிச் சத்தம் என்று பேப்பரில் போட்டிருக்கிறது. தலையைக் கீழே வைத்துக்கொண்டு கவனமாக இருங்கள். உங்கள் மேல் எனக்கு இருக்கிற கோபம் அம்புட்டும் நேரில் காட்டித் தீர்க்க வேண்டியது. அதற்கு நீங்கள் முழுசாக வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள்
செல்லக்கிளி